ஜப்பானில் வேலைக்குப் போகும் அம்மாக்கள்: விடுப்பு இருக்கு, நேரம் எங்கே?

மணிக்கூண்டு | பதிவு 1

ஜப்பானில் குழந்தை பிறந்ததும் பெண்கள் ஏன் வேலையை விடுகிறார்கள் என்று கேட்டால், "அங்கே சட்டம் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வேலைவாய்ப்பில் சம உரிமைச் சட்டம் 1985-இல் நிறைவேறி 1986-இல் நடப்புக்கு வந்தது. குழந்தை வளர்ப்பு விடுப்புச் சட்டம் 1991-இல் நிறைவேறியது. மறு ஆண்டே அமலானது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். வயிற்றில் இரட்டை என்றால் முன்விடுப்பே 14 வாரம். அதன்பின் குழந்தைக்கு 1 வயது ஆகும்வரை இகுக்யூ எனப்படும் வளர்ப்பு விடுப்பு. காப்பகத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஒன்றரை வயதுவரை, அப்போதும் கிடைக்காவிட்டால் 2 வயதுவரை நீட்டலாம். அப்பாவுக்கும் இதே உரிமை உண்டு.

அப்புறம் எங்கே இடறுகிறது? 2021-ஆம் ஆண்டின் அரசு நேரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் சமையல், துணி, கடை, குழந்தை எல்லாம் சேர்த்து மனைவிக்கு நாளொன்றுக்கு 7 மணி 28 நிமிடம் போகிறது. கணவருக்கு 1 மணி 54 நிமிடம். தனியாளாக வீட்டைத் தூக்கிச் சுமப்பதற்கு அங்கே 'வன் ஓப்பே' என்றே ஒரு பேச்சுவழக்கு உண்டு. இரவில் ஒரே ஆளை வைத்து உணவுக்கடை நடத்துவதற்குச் சொன்ன சொல் அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் கருத்து இதுதான்: பிரசவத்தில் சறுக்குவதைவிட, விடுப்பு முடிந்து திரும்பும் மாதத்திலும் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் மாதத்திலும் சறுக்குபவர்களுக்குத்தான் கைகொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் விவரமாகத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையோடு எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே நடைமுறை மட்டும் போதும்.

செவ்வந்தி | பதிவு 2

காப்பகத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் நகரும்.

அரசு அங்கீகாரம் பெற்ற காப்பகத்துக்கு 'நின்கா ஹொய்குஎன்' என்று பெயர். இடத்தை ஒதுக்குவது காப்பகம் இல்லை, நகராட்சி. சேர்க்கையில் பெரும்பகுதி ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரே மூச்சில் நடக்கும். டோக்கியோ வட்டாரங்களில் அதற்கான விண்ணப்பம் பொதுவாக முந்தைய ஆண்டின் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். குழந்தையின் வகுப்பு ஏப்ரல் 1 அன்று நிறைந்திருக்கும் வயதை வைத்து முடிவாகும்.

ஒதுக்கீடு புள்ளிக் கணக்கில். டோக்கியோவின் பல வட்டாரங்களில் வாரம் 5 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை என்றால் ஒரு பெற்றோருக்கு 20 புள்ளி. இருவரும் முழுநேரம் என்றால் 40. விண்ணப்பிக்கும் பெரும்பாலானோர் அதே 40-இல் நிற்பதால், கூட்டல் கழித்தல்தான் தீர்மானிக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே காப்பகத்தில் இருந்தால் கூடுதல். தனித்தாய், தனித்தந்தை என்றால் கூடுதல். அங்கீகாரம் இல்லாத காப்பகத்தில் காசு கட்டிப் பிள்ளையை விட்டிருந்தால் பல இடங்களில் அதற்கும் புள்ளி உண்டு. 65 வயதுக்குட்பட்ட தாத்தா பாட்டி அதே வீட்டில் இருந்தால் சில நகராட்சிகள் கழிப்பார்கள். சமநிலை வந்தால் குறைந்த வருமானம், அங்கே குடியிருந்த காலம் என்று ஊருக்கு ஊர் ஒரு வரிசை. விதிப் புத்தகத்தை நகராட்சியே அச்சிட்டுக் கொடுக்கும். அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள புள்ளி அட்டவணையை முதலில் படியுங்கள்.

காகிதங்களில் முக்கியமானது 'ஷூரோ ஷோமெய்ஷோ', அதாவது வேலைச் சான்று. நிறுவனத்தின் பணியாளர் பிரிவு நிரப்ப ஒன்று இரண்டு வாரம் எடுக்கும், ஆகவே அக்டோபரிலேயே கேட்டு வாங்க வேண்டும். இதில் அடிக்கடி வரும் தவறு ஒன்று. குறுநேர வேலைக்கு மாறப் போகும் பெண்ணுக்கு, ஒப்பந்த நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் குறைத்த நேரத்தை எழுதிவிடுவார்கள். குறுநேரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பல நகராட்சிகள் ஒப்பந்த நேரத்தைப் பார்த்துப் புள்ளி போடுவதால், 8 மணி நேரம் 6 ஆக எழுதப்பட்டால் புள்ளி சரியும். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் தாங்களே எழுதி, வருமான வரிக் கணக்கின் நகல் இணைக்க வேண்டும்.

முதல் சுற்று முடிவு பெரும்பாலும் ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் வரும். விழுந்தவர்களுக்கு இரண்டாம் சுற்று. மீதி இடம் பெரும்பாலும் யாரும் முதலில் கேட்காத, ரயில் நிலையத்திலிருந்து தள்ளியிருக்கும் காப்பகங்களில்தான்.

ஊர்க்குருவி | பதிவு 3

செவ்வந்தி அக்கா, ஒரு சந்தேகம். 2016-இல் "பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை" என்று பெயர் சொல்லாத ஒரு தாய் இணையத்தில் கொதித்து எழுதியது நாடாளுமன்றம்வரை போனது. காத்திருக்கும் குழந்தைகள் 2017-இல் 26,081 பேர். 2024-இல் 2,567. பத்தில் ஒன்றாகிவிட்டதே? இன்னும் ஏன் இந்தப் பதற்றம்?

செவ்வந்தி | பதிவு 4

எண் குறைந்தது உண்மை. நிறையக் காப்பகங்கள் கட்டினார்கள், பிறப்பும் குறைந்தது. ஆனால் 'தைகி ஜிதோ' எனப்படும் காத்திருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் எல்லோரும் சேர மாட்டார்கள். குறிப்பிட்ட ஒரு காப்பகத்தை மட்டும் கேட்பவர்கள், விடுப்பை நீட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் போன்றோரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்படி வெளியே நிற்பவர்கள் 70,000 அளவில்.

இன்னொன்று, நெருக்கடி எல்லா வயதிலும் ஒரே மாதிரி இல்லை. கழுத்தைப் பிடிப்பது 1 வயது வகுப்பு. ஆசிரியர் விகிதம் 0 வயதில் 3 குழந்தைக்கு ஒருவர், 1, 2 வயதில் 6 குழந்தைக்கு ஒருவர். ஒரு காப்பகத்தில் 0 வயதில் 9 பேர், 1 வயதில் 12 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அந்த 9 பேரும் அப்படியே மேலே ஏறிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு 3 இடம்தான். விடுப்பை முழுதாக எடுத்துவிட்டு ஒரு வயதுக் குழந்தையோடு வருகிற அம்மாக்கள் எல்லோரும் அந்த 3 இடத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள்.

அதனால் என்ன நடக்கிறது? 1 வயதுவரை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தும், 5 மாதம், 6 மாதக் குழந்தையை ஏப்ரலில் 0 வயது வகுப்பில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். பால் கட்டி வலிக்க வலிக்க அலுவலகத்தில் உட்காரும் வயது அது. சட்டம் கொடுத்த விடுப்பை நாள்காட்டி பிடுங்கிக்கொள்கிறது என்பதுதான் இதில் என் வருத்தம்.

பிறந்த மாதமும் உண்டு. காப்பகத்தில் மிகச் சீக்கிரம் சேர்ப்பதென்றால் பிறந்து 57 நாள் ஆகியிருக்க வேண்டும், பல இடங்களில் அதைவிட அதிகமும் கேட்பார்கள். பிப்ரவரி முதல் வாரத்துக்குப் பிறகு பிறந்த குழந்தை அந்த ஏப்ரலைப் பிடிக்க முடியாது. அடுத்த ஏப்ரலில் நேராக 1 வயது வகுப்பு, அந்த 3 இடத்துக்கான வரிசை. மே மாதம் பிறந்த குழந்தைக்கும் பிப்ரவரிக் குழந்தைக்கும் ஒரே சட்டம், ஆனால் வாய்ப்பு ஒன்றில்லை.

6 முதல் 19 குழந்தைகள் கொண்ட சிறு காப்பகங்களில் சேர்ப்பது ஒரு வழி. அவை பெரும்பாலும் 2 வயது வகுப்போடு முடிந்துவிடும்; 3 வயதில் மறுபடியும் இடம் தேட வேண்டும். அடுத்துச் சேர்த்துக்கொள்ளும் இணைப்புக் காப்பகம் எது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கட்டணம்: 3 முதல் 5 வயது வரை 2019 அக்டோபரிலிருந்து இலவசம். 0 முதல் 2 வயதுக்குக் குடியிருப்பு வரியை வைத்துக் கட்டணம். டோக்கியோவில் 2025 செப்டம்பரிலிருந்து முதல் குழந்தைக்கும் அது நீங்கியது.

கணக்குப்பிள்ளை | பதிவு 5

பணத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பிரசவ விடுப்பில் சம்பளம் வராது. உடல்நலக் காப்பீட்டிலிருந்து தினச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும். பிரசவச் செலவுக்குத் தனியாக 5,00,000 யென் (2023 ஏப்ரலுக்கு முன் 4,20,000). அதன்பின் இகுக்யூ காலத்தில் பணம் தருவது வேலைவாய்ப்புக் காப்பீடு. முதல் 180 நாளுக்கு 67 விழுக்காடு, அதற்குப் பின் 50. மாதம் 3,00,000 யென் வாங்கியவருக்கு 2,01,000, பிறகு 1,50,000. இந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. விடுப்பில் ஓய்வூதிய, உடல்நலக் காப்பீட்டுச் சந்தாவும் கிடையாது. ஆகவே முதல் ஆறு மாதம் கையில் விழுவது முன்பு விழுந்ததில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு. தகுதிக்கு, விடுப்புக்கு முந்தைய 2 ஆண்டில் 11 நாளுக்குக் குறையாமல் வேலை செய்த மாதங்கள் 12 இருக்க வேண்டும். வேலை மாறியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

1 வயதுக்கு மேல் நீட்டிப்பதில் 2025 ஏப்ரலிலிருந்து கெடுபிடி கூடியிருக்கிறது. முன்பு "இடம் இல்லை" என்ற நகராட்சிக் கடிதம் ஒன்றே போதும். இப்போது காப்பக விண்ணப்பத்தின் நகலும் கேட்கிறார்கள். கேட்ட காப்பகங்கள் எல்லாம் தக்க காரணமின்றி ஒருவழிக்கு 30 நிமிடத்துக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. "இடம் வேண்டாம், கடிதம் மட்டும் போதும்" என்கிற பெட்டியில் குறி போட்டிருந்தால் பணம் நிற்கும். பலருக்குத் தெரியாத இடம் தேதி. சேர விரும்பும் நாள், குழந்தையின் முதல் பிறந்தநாள் அல்லது அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும். ஜூன் 20-இல் பிறந்த குழந்தைக்கு ஜூன் 1 சேர்க்கைக்கு விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதன் கடைசி நாள் பெரும்பாலும் மே மாதத்தின் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். "ஏப்ரலில்தான் கேட்டோமே, விழுந்துவிட்டதே" என்று சும்மா இருந்துவிட்டு ஜூன் பிறந்தபின் எழுதினால், நீட்டிப்புப் பணம் போய்விடும்.

அடுத்து, குறுநேர வேலை. 3 வயதுவரை நாளுக்கு 6 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள நிறுவனம் இடம் கொடுத்தே ஆக வேண்டும். இதற்கு 'ஜிதான்' என்பார்கள். சம்பளம் 8-க்கு 6, அதாவது முக்கால் பங்கு. 2025 ஏப்ரலிலிருந்து 2 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், குறைத்த சம்பளத்தில் 10 விழுக்காடு வரை வேலைவாய்ப்புக் காப்பீடு சேர்த்துத் தருகிறது.

இதைக் கவனமாகப் படியுங்கள். சம்பளம் குறைந்தால் ஓய்வூதியக் கணக்கும் குறையும். ஆனால் குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை, பழைய சம்பளம் வாங்கியதாகவே ஓய்வூதியத்தைக் கணக்கிடும் சலுகை ஒன்று இருக்கிறது. அது தானாக வராது. நிறுவனம் வழியாக ஓய்வூதிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். மறந்தவர்கள் 2 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். அதற்கு மேல் போனது போனதுதான். அப்பாவின் சம்பளம் குறைந்திருந்தால் அவரும் கேட்கலாம்.

இரண்டாவது குழந்தையைத் திட்டமிடுபவர்களுக்கு ஒரு வரி: ஜிதானில் இருந்தபடியே அடுத்த விடுப்புக்குப் போனால், பணத்தின் அடிப்படை அந்தக் குறைந்த சம்பளம்.

மணிக்கூண்டு | பதிவு 6

அண்ணே, ஓய்வூதியச் சலுகை பற்றி எழுதியதற்கு நன்றி. பணியாளர் பிரிவே மறக்கிற விஷயம் அது.

திரும்பும் மாதத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். காப்பகத்தில் இடம் கிடைத்த அன்றே குழந்தை முழு நாளும் இருக்காது. 'நராஷி ஹொய்கு' என்று பழக்கும் காலம் உண்டு. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடு வரை, பிறகு தூக்கம் வரை என்று ஒன்று இரண்டு வாரம். அழுது சாப்பிட மறுத்தால் இன்னும் நீளும். ஏப்ரல் 1-ஆம் தேதியே வேலைக்குத் திரும்புவதாக எழுதிக் கொடுத்தவர்கள் இந்த இரண்டு வாரத்துக்கு ஆள் தேடி அலைவார்கள். நகராட்சி எந்தத் தேதிக்குள் திரும்பச் சொல்கிறது என்று பார்த்து (பல இடங்களில் ஏப்ரல் கடைசி அல்லது மே 1), அந்த எல்லையை ஒட்டித் தேதி கொடுப்பது நல்லது.

காலையை நிமிடமாகப் பாருங்கள். குழந்தையின் உடல் சூட்டைப் பார்த்து ரென்ராகுச்சோ எனப்படும் தொடர்புக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நேற்றிரவு சாப்பிட்டது, தூங்கியது, எழுந்தது, வெளிக்குப் போனது, இன்று யார் எத்தனை மணிக்கு அழைக்க வருவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது பல இடங்களில் கைப்பேசிச் செயலி. 0 வயதுக்கு நாளுக்கு ஐந்தாறு டயப்பர். ஒவ்வொன்றின் முன்பக்கமும் பெயர் எழுதியிருக்க வேண்டும். அழுக்கு டயப்பரைப் பையில் கட்டிப் பெற்றோரே வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் பல ஊர்களில் நெடுநாள் இருந்தது. 2023 ஜனவரியில்தான் காப்பகமே அப்புறப்படுத்தலாம் என்று அமைச்சகம் பரிந்துரைத்தது. வெள்ளிக்கிழமை மெத்தை உறையைக் கழற்றி எடுத்துப் போய், திங்கள் காலை அலுவலகம் ஓடும் முன் வகுப்பறையிலேயே மறுபடி மாட்ட வேண்டும். நான்கு மூலையிலும் கயிறு கட்ட வேண்டிய உறை என்றால் அந்தப் பத்து நிமிடம் ரயிலைத் தவறவிடப் போதும்.

இப்போது கடிகாரம். காப்பகத்தின் சாதாரண நேரம் நாளுக்கு 11 மணி நேரம். எடுத்துக்காட்டுக்கு 7:30 முதல் 18:30. அலுவலகம் 9 முதல் 18 வரை, பயணம் ஒரு மணி நேரம் என்றால் வாசலுக்கு வரும்போது 19:00. ஆகவே ஒரு நாள் கூடத் தாமதமில்லாமல் வேலை முடிந்தாலும் அரை மணி நேரம் இடிக்கும். ஜிதான் எடுத்து 16 மணிக்குக் கிளம்புவது ஏதோ வேலையில் நாட்டமில்லாததால் என்று பேசுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கட்டும். கூடுதல் நேரக் காப்பு 19:30 வரை பல இடங்களில் உண்டு, ஆனால் இடம் கணக்கு. முன்பதிவு வேண்டும்.

செவ்வந்தி | பதிவு 7

காய்ச்சலைச் சேருங்கள். 37.5 டிகிரி தாண்டினால் காப்பகத்திலிருந்து தொலைபேசி வரும். இன்ஃப்ளூயன்ஸா என்றால், காய்ச்சல் தொடங்கியபின் 5 நாள் கழிய வேண்டும், அதோடு காய்ச்சல் விட்டபின் 3 நாளும் ஆக வேண்டும். ஆக ஏறக்குறைய ஒரு வாரம். நோயுற்ற குழந்தைக்கான விடுப்பு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 5 நாள், இரண்டு அதற்கு மேல் என்றால் 10. ஒரே காய்ச்சலில் ஆண்டுக் கணக்கே தீரும். அந்த விடுப்புக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து மூன்றாம் வகுப்பு முடியும்வரை அதை நீட்டித்தார்கள். வகுப்பு மூடப்பட்டாலும் எடுக்கலாம்.

நோயுற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'ப்யோஜி ஹொய்கு' இருக்கிறது. பல வட்டாரங்களில் நாளுக்கு 2,000 யென் அளவில். ஆனால் பிள்ளைக்கு நோய் வந்தபின் பதியலாம் என்று நினைக்காதீர்கள். ஆரோக்கியமாக இருக்கும்போதே உறுப்பினர் பதிவை முடித்துவிட வேண்டும். அன்றன்றைக்கு மருத்துவரின் படிவம் வேண்டும். ஓர் இடத்தில் சில குழந்தைகளுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் முன்தினம் மாலையே நிறைந்துவிடும். அதனால் இரண்டு இடத்தில் பதிந்து வைப்பது வழக்கம்.

ஏப்ரலில் சேர்ந்த குழந்தை முதல் மூன்று மாதம் தொடர்ந்து ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரும். தொலைபேசி யாருக்குப் போகிறது என்பதைச் சேரும் நாளே எழுதிக் கொடுக்கிறோம். முதல் எண்ணாக அப்பாவின் எண்ணை எழுதுங்கள். அது ஒரு சிறிய கட்டம்தான். வேலையைப் பாதியில் விட்டு எழுவது யார் என்பதை அந்தக் கட்டம்தான் தீர்மானிக்கிறது.

நாலாம்மாடி | பதிவு 8

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் பேசுவது நிரந்தர வேலைக்காரர்களை மட்டும். ஜப்பானில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களில் பாதிக்கு மேல் நிரந்தரமில்லாதவர்கள்: பகுதிநேரம், ஒப்பந்தம், ஏஜென்சி ஆட்கள். முன்பு பெண்களின் வேலை விகிதத்தை வயதுவாரியாக வரைந்தால் ஆங்கில எம் எழுத்து போல நடுவில் பள்ளம் விழும். இப்போது அந்தப் பள்ளம் கிட்டத்தட்டத் தூர்ந்துவிட்டது என்று பெருமை பேசுகிறார்கள். நிரந்தர வேலையில் இருப்போரின் விகிதத்தை மட்டும் வரைந்தால், இருபதுகளின் பிற்பாதியில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கிக்கொண்டே போகிறது. வேலைக்குத் திரும்புகிறார்கள், பழைய வேலைக்குத் திரும்புவதில்லை. சூப்பர் மார்க்கெட் கல்லாவிலும் முதியோர் இல்லத்திலும் நிற்கிறார்கள்.

அவர்களைக் கட்டிப்போடுவது 'வருமானச் சுவர்'. அதை யாராவது ஒழுங்காக விளக்குங்கள். 103, 106, 130 என்று எல்லோரும் சொல்கிறார்கள், எது எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை | பதிவு 9

நாலாம்மாடி சொல்வது நியாயம். சுவர் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது வெவ்வேறு.

103 இலட்சக் கணக்கில்லை, 103 'மான்' (ஒரு மான் பத்தாயிரம்), அதாவது ஆண்டு வருமானம் 10,30,000 யென். இது வருமான வரி எல்லையாக இருந்தது. தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் சிறு வரி. கையில் வருவது குறையாது. 2025-இல் இந்த எல்லையையே உயர்த்திவிட்டார்கள். இதற்குப் பயந்து நின்றவர்களைத் தடுத்தது பெரும்பாலும் வரியே இல்லை. கணவரின் நிறுவனம் தரும் மனைவிப்படி. மனைவி 103-ஐத் தாண்டினால் படியை நிறுத்தும் விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருந்தன. ஆகவே முதலில் கணவரின் சம்பள விதியைப் படிக்க வேண்டும்.

106 வேறு. 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதம் 88,000 யென்னுக்குக் குறையாமல் வேலை செய்தால் சொந்தப் பெயரில் சமூகக் காப்பீட்டில் சேர வேண்டும். சந்தா ஏறக்குறைய சம்பளத்தில் 15 விழுக்காடு. கையில் வருவது குறையும். பழைய கைத்தொகைக்கு வர ஏறக்குறைய 125 மான் சம்பாதிக்க வேண்டும். ஆனால் பதிலுக்கு ஓய்வூதியம் கூடும், நோய்ப்படியும் பிரசவப்படியும் கிடைக்கும்.

130 தான் உண்மையில் வலிக்கும். சிறு நிறுவனத்தில் இருந்து 130 மானைத் தாண்டினால், கணவரின் காப்பீட்டுச் சார்பிலிருந்து வெளியே வந்து தேசிய ஓய்வூதியச் சந்தாவைத் தானே கட்ட வேண்டும். 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென், ஆண்டுக்கு 2,10,120. மருத்துவக் காப்பீடு தனி. இவ்வளவு கட்டியும் ஓய்வூதியம் ஒரு யென் கூடாது, ஏனென்றால் கணவரைச் சார்ந்திருந்தபோதே 1986-இல் வந்த மூன்றாம் வகைச் சந்தாதாரர் முறையில் அதே அடிப்படை ஓய்வூதியம் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

இனிக் கூலியைப் போட்டுப் பாருங்கள். டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். வாரம் 20 மணி என்றால் மாதம் ஏறக்குறைய 1,06,000. 88,000 எப்போதோ தாண்டியாயிற்று. 130 மானை 12-ஆல் வகுத்தால் 1,08,333. அது மாதத்துக்கு 88 மணி நேரம், வாரத்துக்கு 20-க்குச் சற்று மேல். ஆக டோக்கியோவில் இரண்டு சுவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில், வாரம் 20 மணி நேரத்தில் வந்து நிற்கின்றன. ஒவ்வோர் அக்டோபரிலும் கூலி கூடக்கூட, சுவருக்குள் நிற்க விரும்புபவர்கள் வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் கடைகளில் ஆள் பற்றாக்குறை வருவதற்கு இது ஒரு காரணம். 2025-இல் நிறைவேறிய ஓய்வூதியத் திருத்தம் அந்த 88,000 நிபந்தனையை எடுத்துவிடப் போகிறது. 20 மணி நேரம் அப்படியே இருக்கும்.

என் ஆலோசனை கேட்டால்: 50 பேருக்கு மேல் உள்ள இடத்தில் வேலை என்றால் 20 மணியில் தயங்காமல் 25, 28 என்று ஏறிவிடுங்கள். சுவருக்குச் சற்று மேலே நிற்பதுதான் நட்டம்.

ஊர்க்குருவி | பதிவு 10

அப்பாக்கள் விடுப்பு எடுப்பது 2012-இல் 1.89 விழுக்காடு, 2024-இல் 40.5. இது பெரிய மாற்றம்தானே? வீட்டில் பாரம் குறைய வேண்டுமே?

மணிக்கூண்டு | பதிவு 11

மாற்றம்தான், மறுக்கவில்லை. 2022 அக்டோபரில் பிறந்தவுடன் அப்பா எடுக்கும் 'சாங்கோ பாப்பா இகுக்யூ' விடுப்பு வந்தது. குழந்தை பிறந்து 8 வாரத்துக்குள் 4 வாரம்வரை, இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம், இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும். 2025 ஏப்ரலிலிருந்து பெற்றோர் இருவரும் 14 நாளுக்குக் குறையாமல் எடுத்தால், 28 நாள் வரை 67-உடன் 13 சேர்த்து 80 விழுக்காடு. சந்தாவும் வரியும் இல்லாததால் கைக்கு வருவது முன்பு கைக்கு வந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். "சம்பளம் போகும்" என்ற காரணம் அந்த 28 நாளுக்குச் செல்லாது.

ஆனால் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதைவிட எத்தனை நாள் எடுத்தார்கள், அந்த நாள்களில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். 'தோரு தாகே இகுக்யூ' என்று ஒரு சொல்லே வந்துவிட்டது: பெயருக்கு எடுத்த விடுப்பு. இரண்டு வாரம் வீட்டில் இருந்து, மூன்று வேளையும் "சாப்பாடு என்ன" என்று கேட்கிற ஆள், தாய்க்கு இன்னொரு பிள்ளைதான். எதை யார் செய்வது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். இரவு 2 மணிப் பால், பிறப்புப் பதிவு (14 நாளுக்குள்), குழந்தையின் காப்பீட்டுப் பதிவு, மூத்த பிள்ளையின் காப்பகம்: இவற்றை முழுதாக அவர் தலையில் வையுங்கள், "உதவி" என்று வைக்காதீர்கள்.

திரும்பிய பிறகு என்ன? கூடுதல் நேரத்துக்குச் சட்ட எல்லை மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360. பெரிய நிறுவனங்களுக்கு 2019, சிறியவற்றுக்கு 2020 முதல். மாதம் 45 என்றால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். எல்லைக்குள்ளேயே வேலை செய்யும் கணவர் 20:00-க்குக் கிளம்பி 21:00-க்கு வீடு வருவார். அதற்குள் பிள்ளை சாப்பிட்டுக் குளித்துத் தூங்கியிருக்கும். கூடுதல் நேரத்திலிருந்து விலக்குக் கேட்கும் உரிமை 2025 ஏப்ரலிலிருந்து பள்ளி சேரும்வரை உண்டு. அது அப்பாக்களுக்கும் உண்டு. வாரம் இரண்டு நாள் அவர் அழைத்து வந்தால், அந்த இரண்டு நாள் அம்மா முழுநேரம் வேலை செய்யலாம். சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

தென்னங்கீற்று | பதிவு 12

ஒன்றாம் வகுப்பைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. 'ஷோ இச்சி நோ கபே', ஒன்றாம் வகுப்புச் சுவர்.

காப்பகம் காலை 7:30-க்குத் திறந்தது. பள்ளி வாயில் பல இடங்களில் 8 மணியை ஒட்டித்தான் திறக்கும். அம்மா 7:30-க்கு ரயிலேற வேண்டுமென்றால் 6 வயதுப் பிள்ளை பூட்டிய வாசலில் நிற்க வேண்டும், அல்லது தானே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஓசாகா மாகாணத்தின் தோயோநாகா நகரம் 2024 ஏப்ரலில் தன் தொடக்கப் பள்ளிகளின் வாயிலைக் காலை 7 மணிக்கே திறந்தது. மற்ற ஊர்களிலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். செலவு அதிகமில்லாத, உடனே பலன் தரும் வேலை.

மாலையில் 'ககுதோ' என்ற பள்ளிக்குப் பின் காப்பு. பல இடங்களில் 18 அல்லது 19 மணி வரை. ஏப்ரல் 1 முதலே ககுதோவில் விடலாம். பள்ளி தொடங்குவது அதற்குச் சில நாள் கழித்து. அந்த இடைநாள்களை ககுதோவில் பழக்கப் பயன்படுத்துங்கள். சேர்ந்த முதல் வாரங்களில் வகுப்பு மதியத்தோடு விட்டுவிடும்.

ஜிதான் உரிமை 3 வயதோடு முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் நிறுவனத்தின் விருப்பம். 2025 அக்டோபரிலிருந்து 3 வயது முதல் பள்ளி சேரும்வரை, நேர மாற்றம், வீட்டிலிருந்து வேலை, குறுநேரம் போன்ற ஐந்து வகையில் இரண்டையாவது நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். பணியாளர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கவனியுங்கள், "பள்ளி சேரும்வரை". வாயில் 8 மணிக்குத் திறக்கத் தொடங்கும் அதே ஏப்ரலில் சட்டக் கடமை முடிந்துவிடுகிறது.

செவ்வந்தி | பதிவு 13

தென்னங்கீற்று, அந்தக் கடைசி வரி முக்கியம். விண்ணப்பம் எழுதும் அம்மாக்கள் இதை ஐந்து வயதிலேயே தெரிந்துகொண்டால் நிறுவனத்தோடு பேச ஓராண்டு கிடைக்கும்.

நம்மவர்களுக்காக ஒன்று. டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷிகசாய் பக்கம் கணவரின் விசாவில் வந்து 'குடும்பத் தங்கல்' நிலையில் இருக்கும் பெண்கள் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். புள்ளி அட்டவணையில் அது முழுநேரத்துக்குக் கீழே விழும். 40-இல் எல்லோரும் நிற்கிற வட்டாரத்தில் இது பெரிய குறை. பட்டமும் வேலை வாய்ப்பும் இருந்தால் வேலை விசாவுக்கு மாறும் விண்ணப்பத்தை, காப்பக விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். நவம்பரில் கையில் இருக்கும் வேலைச் சான்றுதான் புள்ளியாகும்.

ஊர்க்குருவி | பதிவு 14

தென்னங்கீற்று அண்ணா, கோடை விடுமுறையில் ககுதோ உண்டா? மதியச் சாப்பாடு தருவார்களா?

தென்னங்கீற்று | பதிவு 15

உண்டு. ஏறக்குறைய 40 நாள், ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய. பள்ளி உணவு அப்போது கிடையாது, ஆகவே பல ஊர்களில் தினமும் பெந்தோ (சாப்பாட்டுப் பெட்டி) கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வெயிலில் சாதம் கெட்டுவிடும்: சூடாக மூடாதீர்கள், முழுக்க ஆறவிட்டு, மேலே குளிர்கட்டி வைத்துக் கட்டுங்கள். அரைவேக்காட்டு முட்டை, வேகாத காய்கறி வேண்டாம். காலை 5:30-க்குச் சாதம் வெந்தால்தான் 7:30-க்குள் ஆறும். சில ககுதோக்களில் பெற்றோர் சேர்ந்து வெளியிலிருந்து சாப்பாடு தருவிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மே மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே கேளுங்கள். ஜூனில் கேட்டால் அந்த ஆண்டுக்கு முடியாது என்பார்கள். விடுமுறை நாள்களில் ககுதோ எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். பல இடங்களில் 8 அல்லது 8:30.